கோல்ஃபில் மனதை நிறுத்தப் பல வழிகள்: எது யாருக்கு?

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கெல்லாம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நாங்கள் நால்வர் ஆட்டத்தைத் தொடங்கிவிடுவோம். பெரும்பாலும் உம்கேனி ஆற்றங்கரையில் உள்ள பாப்வா செவ்கோலம் மைதானம்தான். போன வருஷம் மார்ச்சில் ஒரு நாள், பதினொன்றாவது குழியில் இரண்டடி தூரத்துப் புட் (பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் அடி) ஒன்றைத் தவறவிட்டேன். போனது ஒரே ஒரு ஷாட். ஆனால் அடுத்த மூன்று குழிகளில் ஆறு ஷாட் கூடுதலாகப் போயிற்று. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு ஸ்கோர் கார்டை மேசையில் வைத்துப் பார்த்தபோது விஷயம் தெளிவாகத் தெரிந்தது. ஸ்விங்கில் கோளாறு எதுவும் இல்லை. அந்த மூன்று குழிகளுக்கும் என் உடம்பு மட்டும்தான் நடந்து போயிருக்கிறது. நான் பதினொன்றாவது கிரீனிலேயே, அதாவது குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரையிலேயே நின்று, அந்தப் புட்டைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எங்களில் மூத்தவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்த வாரம் அவரிடம் இதைச் சொன்னேன். "தம்பி, கோச்சுக்குக் கொடுக்கப்போற காசைக் கொஞ்ச நாள் பையிலேயே வை. மொதல்ல மனசு எங்க ஓடுதுன்னு பாரு" என்றார்.

நிகழ்காலத்தில் இரு, இந்த ஷாட்டை மட்டும் ஆடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்படி என்று கேட்டால் ஆளுக்கு ஒரு வழி. அவற்றில் சிலவற்றை ஒவ்வொன்றாக, குறைந்தது நான்கு சனிக்கிழமை வீதம், ஆடிப் பார்த்தேன். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். முடியாது. பந்துக்கு முன்னால் நிற்கும்போது மனதில் ஒன்றுக்குத்தான் இடம் இருக்கிறது. ஆகவே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தத் தேர்வுக்கு உதவட்டும் என்றுதான் நான் பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 18 குழி ஆட எங்களுக்கு 4 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. நான் அடிப்பது சுமார் 90 ஷாட். ஒரு ஸ்விங் தொடங்கி முடிய 2 விநாடிகூட ஆகாது. எல்லாவற்றையும் கூட்டினால் 3 நிமிடம்! ஒரு ஷாட்டை 40 விநாடிக்குள் ஆடிவிடுங்கள் என்று 2019இல் வந்த விதிகள் பரிந்துரைக்கின்றன. அந்த 40 விநாடியையும் முழுதாக எடுத்துக்கொண்டாலும் 90 ஷாட்டுக்கு ஒரு மணி நேரம்தான். மீதி மூன்று மணி நேரமும் நடை, காத்திருப்பு, பந்து தேடல், பேச்சு.

ஆகவே நான்கு மணி நேரமும் மனதை இழுத்துப் பிடித்து வைப்பது என்ற முதல் வழியை எளிதாகத் தள்ளிவிடலாம். நான் அதையும் முயன்றேன். நடக்கும்போது காலடியைக் கவனிப்பது, மூச்சைக் கவனிப்பது, வேறு எதையும் நினைக்காமல் இருப்பது. தியானம் பழகியவர்கள் வீட்டில் செய்வதை மைதானத்துக்குக் கொண்டு வந்தேன். பதின்மூன்றாவது குழிக்கு வரும்போது தலை கனத்துவிடும். டர்பன் வெயிலும் புழுக்கமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கடைசி ஐந்து குழிகளில் தேவையான இடத்தில் கவனம் இருக்காது, எல்லாம் முன்பே செலவாகியிருக்கும். அமெரிக்க ஆட்டக்காரர் லீ டிரெவினோ ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவில் ஓயாமல் பேசுவார், பந்தருகே வந்தால் அடங்கிவிடுவார். கவனம் என்பது திறந்து மூடும் கதவு மாதிரி இருக்க வேண்டும். வீட்டில் தியானம் செய்யுங்கள், நல்லதுதான். மைதானத்தில் நான்கு மணி நேரத் தியானம் வேண்டாம்.

சரி, அந்த ஒரு மணி நேரத்துக்குள் எதைச் செய்வது? அதற்கு முன் அண்ணா சொன்னதைச் செய்ய வேண்டும். நான்கு ஆட்டங்களுக்கு ஸ்கோர் கார்டின் ஓரத்தில் ஒரு எழுத்து எழுதினேன். கெட்ட ஷாட் அடித்த குழியில், அடிக்கும் நேரத்தில் மனம் போன குழியை நினைத்துக்கொண்டிருந்தால் 'பி'. முன்னே ஓடி, "கடைசி இரண்டையும் பாரில் (அந்தக் குழிக்கு வகுத்த அடிக்கணக்கில்) முடித்தால் 85க்குள் வந்துவிடலாம்" என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் 'மு'. முழங்கை, இடுப்பு, மணிக்கட்டு என்று உடம்புக்குள் போயிருந்தால் 'உ'. என் கார்டு முழுக்க 'பி'. அண்ணா தன் கார்டில் எழுதியது அத்தனையும் 'மு'. அவருடைய மருமகன் ஆடத் தொடங்கி இரண்டு வருஷம்தான் ஆகிறது. அவனுடையது 'உ'. நான்காமவர் என் மைத்துனர், ஹேண்டிகேப் 6, அதாவது நன்கு தேர்ந்த ஆட்டக்காரர். அவருடைய சிக்கல் கிரீனில் மட்டும், அதுவும் 'உ'.

இந்த எழுத்துதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று இப்போது நம்புகிறேன். ஒருவருக்கு மருந்தாக இருப்பது இன்னொருவருக்கு வேலை செய்யாததற்குக் காரணம், நோய் வேறு என்பதுதான்.

கோபத்துக்குப் பத்தடி

'பி' ஆட்களுக்கு எல்லோரும் முதலில் சொல்வது இதுதான். கெட்ட ஷாட் அடித்தால் பத்துக் காலடி நடக்கும் வரை கோபப்படலாம், அதற்குப் பிறகு கூடாது. டைகர் வுட்ஸ் பின்பற்றிய பழக்கமாகச் சொல்வார்கள். கோபத்தை அடக்கச் சொல்லாமல் அதற்கு ஒரு எல்லை கட்டுகிறது என்பதால் இது எனக்குப் பிடித்தது. கோபத்துக்கு நன்றாகவே வேலை செய்தது. ஆனால் என்னுடையது பெரும்பாலும் கோபம் இல்லை, வருத்தம். வருத்தம் பத்தடியில் தீருவதில்லை. மெல்ல மெல்லக் கூடவே நடந்து வருகிறது. மட்டையைத் தரையில் அறைகிறவர்களுக்குப் பத்தடி விதி, சத்தமில்லாமல் உள்ளே புழுங்குகிறவர்களுக்கு வேறு ஒன்று வேண்டும்.

இந்த இடத்தில் எங்கள் நாட்டு ஆட்டக்காரர் ரெட்டீஃப் கூசனைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2001 அமெரிக்க ஓப்பன், டல்சா நகரம், கடைசி நாள் கடைசிக் குழி. பன்னிரண்டடி தூரத்திலிருந்து இரண்டு புட்டில் முடித்தால் கோப்பை. மூன்று புட் ஆகிவிட்டது. இரண்டாவது புட் இரண்டடி தூரம்தான், என் பதினொன்றாவது குழி மாதிரி. உலகமே பார்த்துக்கொண்டிருக்க அதைத் தவறவிட்டார். மறுநாள் மார்க் புரூக்ஸுடன் பதினெட்டுக் குழி ஆடி, 72க்கு எதிராக 70 எடுத்து வென்றார். நடுவில் ஒரு இரவுத் தூக்கம் இருந்தது. எனக்கும் உங்களுக்கும் கிடைப்பது அடுத்த டீக்கு, அதாவது அடுத்த குழிக்கான முதல் அடியை அடிக்கும் இடத்துக்கு, நடந்து போகும் இரண்டு நிமிடம்தான். அந்த இரவை இரண்டு நிமிடத்துக்குள் எப்படி அடைப்பது என்பதுதான் என் கேள்வியாக இருந்தது.

சிவப்புப் பொட்டு

எங்கள் நாட்டு மோசெல் பே பக்கத்துக்காரர் லூயி ஊஸ்தைசன் 2010இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் பிரிட்டிஷ் ஓப்பன் கோப்பையை ஏழு ஷாட் வித்தியாசத்தில் வென்றபோது அவருடைய கையுறையில், கட்டை விரலுக்குக் கீழே, ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது. விளையாட்டு உளவியலாளர் கார்ல் மோரிஸ் சொல்லிக் கொடுத்தது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் அந்தப் பொட்டைப் பார்ப்பார், பார்த்ததும் ஷாட்டுக்கான ஆயத்தம் தொடங்கும். அதற்கு முன் ஆடிய மேஜர் எனப்படும் பெரிய போட்டிகளில் பெரும்பாலானவற்றில் பாதியிலேயே வெளியேறியவர் அவர்.

நெற்றியில் பொட்டு வைத்து வளர்ந்த நமக்கு இது அந்நியமாகத் தெரியாது. ஒரு புள்ளி, அதில் பார்வை, பார்வைக்குப் பின்னால் மனம். நானும் சிவப்பு மார்க்கரால் கையுறையில் வைத்தேன். முதல் இரண்டு சனிக்கிழமை அதிசயமாக இருந்தது. பார்த்த கணத்தில் "சரி, இப்போது இது" என்று மனம் திரும்பிவிடும். நடைமுறைச் சிக்கல்கள் பிறகுதான் தெரிந்தன. டர்பன் வியர்வையில் ஒன்பதாவது குழிக்குள் பொட்டு ரோஜா நிறக் கறையாகிவிடுகிறது. அதைவிட முக்கியம், புட் செய்யும்போது நான் கையுறையைக் கழற்றிப் பின்பாக்கெட்டில் செருகிவிடுவேன். எந்த இடத்தில் எனக்கு உதவி அதிகம் தேவையோ அந்த இடத்தில் பொட்டு பாக்கெட்டுக்குள்.

அப்புறம் பந்திலேயே ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன். பந்தில் அடையாளம் போடுவதை விதிகள் அனுமதிக்கின்றன. கிரீனில் பந்தைத் தூக்கித் துடைத்து வைக்கும்போது பொட்டு பின்பக்கம் வரும்படி வைத்து அதையே பார்ப்பேன். கனடாவின் ஜோன் விக்கர்ஸ் பல வருஷம் ஆராய்ந்து சொன்னதும் இதையொட்டியதுதான். நன்றாகப் புட் செய்கிறவர்களின் பார்வை, மட்டை அசைவதற்கு முன் பந்தின் மேல் இரண்டு மூன்று விநாடி அசையாமல் நிற்கிறது. தடுமாறுகிறவர்களின் பார்வை குழிக்கும் பந்துக்கும் மட்டைக்கும் அலைகிறது. புட்டிங்குக்கு மட்டும் ஒரு வழி கேட்டால் பந்துப் பொட்டைத் தயங்காமல் சொல்வேன். ஆனால் ஃபேர்வேயில் (டீக்கும் கிரீனுக்கும் நடுவில் உள்ள புல்வெளியில்) பந்து கிடந்தபடி ஆட வேண்டும், பொட்டு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான். புல்லுக்குள் புதைந்தால் பொட்டே தெரியாது.

இன்னொரு குறையும் உண்டு. எந்த அடையாளமும் பழகப் பழக மங்குகிறது. ஐந்தாவது வாரத்தில் பொட்டைப் பார்த்தபடியே போன குழியை நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரவணபவ

என் மைத்துனர் வருஷா வருஷம் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர். கிரீனில் புட்டரோடு நிற்கும்போது உதடு அசையாமல் "சரவணபவ" சொல்லிப் பார் என்று அவர்தான் சொன்னார். பெரிய ஆட்டக்காரர்களின் வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாக எண்ணிப் பார்த்தவர்கள் சொல்லும் கணக்கு ஒன்று இருக்கிறது. முழு ஸ்விங்கில் மட்டை பின்னே போகும் நேரம், முன்னே வந்து பந்தைத் தொடும் நேரத்தைப் போல மூன்று மடங்கு. புட்டிங்கில் இரண்டு மடங்கு. 'சரவண' நான்கு எழுத்து பின்னே, 'பவ' இரண்டெழுத்து முன்னே. புட்டுக்கு அளந்து தைத்த சட்டை மாதிரி பொருந்துகிறது!

நாமம் மனதை வேறு எதற்கும் இடமில்லாமல் நிரப்பிவிடுகிறது, கூடவே கைக்கு ஒரு தாளமும் கொடுக்கிறது. தாளத்தைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம், தென்னாப்பிரிக்காவின் பாபி லாக் என்ற மனிதர் நான்கு பிரிட்டிஷ் ஓப்பன் கோப்பைகளை வென்றது பதற்றமே இல்லாத ஸ்விங்காலும் அருமையான புட்டிங்காலும்தான். ஆனால் போட்டியில் ஆடும்போது காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு பக்திப் பாட்டு கேட்கலாமா என்று மருமகன் கேட்டான். கூடாது. கவனம் சிதறாமல் இருக்கவோ ஸ்விங் தாளத்துக்காகவோ பாட்டுக் கேட்பதை விதி தடுக்கிறது. வாய்க்குள் சொல்வதற்கு யாரும் தடை போட முடியாது.

எனக்கு இது புட்டிங்கில் பலித்தது, நீண்ட ஷாட்டில் பலிக்கவில்லை. இரண்டுக்கு ஒன்று என்ற தாளம் டிரைவர் என்ற நெடுந்தூர மட்டைக்குப் பொருந்தாமல் மேலிருந்து அவசரமாக இறக்கிவிட்டேன். மேலும், நாமத்தை ஸ்கோருக்காகச் சொல்கிறோமே என்ற ஒரு உறுத்தலும் எனக்குள் இருந்தது. மைத்துனருக்கு அந்த உறுத்தல் இல்லை. "முருகனை எங்க வேணா கூப்பிடலாம் மச்சான்" என்கிறார். அவர் பக்தி அது, அதில் எனக்கு வாதம் இல்லை.

ஒரு ஸ்விங் நினைப்பு

"இடது தோள் தாடைக்குக் கீழே", "முழங்கையை ஒட்டி வை" என்று ஒரே ஒரு குறிப்பை மனதில் வைத்துக்கொண்டு ஆடுவது. கோல்ஃபில் பெரும்பாலானோர் செய்வது இதுதான், பலர் இதைத்தான் ஒருமுகப்பாடு என்று நினைக்கிறார்கள். இதில் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஆடத் தொடங்கியவருக்கும் பழகியவருக்கும் விடை இங்கேதான் பிரிகிறது.

சியான் பைலாக் என்ற அமெரிக்க உளவியலாளர் புட்டிங்கை வைத்துச் சோதனைகள் செய்தார். தேர்ந்தவர்களைத் தங்கள் அசைவைப் படிப்படியாகக் கவனிக்கச் சொன்னால் மோசமாக ஆடினார்கள், வேகமாக அடிக்கச் சொன்னால் கெடவில்லை. புதியவர்களுக்கு நேர்மாறு. அசைவைக் கவனித்தால் நன்றாக ஆடினார்கள், அவசரப்படுத்தினால் கெட்டார்கள். ஆகவே என் மைத்துனருக்கு "கையை யோசிக்காதே" என்பது சரியான அறிவுரை. அதையே மருமகனுக்குச் சொன்னால் பாவம், அவன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பான்?

ஆனால் புதியவருக்கும் எந்த நினைப்பு என்பது முக்கியம். காப்ரியேல் வுல்ஃப் 1999இல் வெளியிட்ட ஆய்வில், கோல்ஃபே தெரியாதவர்களுக்குக் குட்டை ஷாட் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழு கைகளின் அசைவைக் கவனித்தது, இன்னொரு குழு மட்டையின் வீச்சைக் கவனித்தது. மட்டையைக் கவனித்தவர்களே துல்லியமாக அடித்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு என் அத்தை ஞாபகம் வந்தது. கேட்டோ மேனர் அம்பலவாணர் ஆலயத்தில் பெரிய வெள்ளியன்று தீ மிதிப்பார்கள். நான் முதல் தடவை குழிக்கு முன் நின்றபோது அத்தை காதருகே சொன்னார்: "காலைப் பாக்காத. எதிர்ல அம்மா நிக்கிறா, அவளப் பாத்து நட." நெருப்பில் நடப்பவனுக்குச் சொன்னது பங்கர் என்ற மணல் பள்ளத்திலிருந்து அடிப்பவனுக்கும் பொருந்துகிறது. மருமகனுக்கு இப்போது ஒரே நினைப்பு: மட்டையின் தலை எந்தப் பக்கம் போய் முடிகிறது. முழங்கையை மறந்துவிடச் சொல்லிவிட்டோம்.

"தண்ணியில போட்டுடாதே" என்பதும் ஒரு நினைப்புத்தான், இருப்பதிலேயே கெட்டது. டேனியல் வெக்னரும் கூட்டாளிகளும் 1998இல் இதைச் சோதித்தார்கள். குழியைத் தாண்டி அடித்துவிடாதே என்று சொல்லி, மனதுக்கு வேறொரு பாரத்தையும் கொடுத்தால், தாண்டி அடிப்பதே கூடியது. வேண்டாததை மனதில் வைத்தால் கை அதைத்தான் கேட்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும் சரியான கைப்பிடி, சரியான தோள் என்று தவிப்பவர்களுக்கு, எங்கள் மைதானத்தின் பெயரை வைத்திருப்பவரைக் காட்டுவேன். பாப்வா செவ்கோலம் கேடியாக, அதாவது ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமப்பவராக, இருந்து வந்தவர். வலக்கைக்காரர், ஆனால் இடது கையை வலது கைக்குக் கீழே வைத்துப் பிடிப்பார். எல்லாப் பாடத்துக்கும் தலைகீழ். அந்தக் கைகளோடு 1959, 1960, 1964 என மூன்று முறை டச்சு ஓப்பனை வென்றார். 1963இல் நேட்டால் ஓப்பனை வென்றபோது, இந்தியர் என்பதால் கிளப் வீட்டுக்குள் விடாமல், மழையில் வெளியே நிற்க வைத்துக் கோப்பையைக் கொடுத்தார்கள். 1965இல் உலகப் புகழ் பெற்ற கேரி பிளேயரையே முந்தி மீண்டும் அதே கோப்பையை எடுத்தார். அடுத்த வருஷமே நிறவெறி அரசு அவரை அந்தப் போட்டிகளிலிருந்து விலக்கியது. அவர் பெயர் பலகையைத் தாண்டித்தான் சனிக்கிழமை தோறும் உள்ளே போகிறோம். அவர் சுமந்ததோடு ஒப்பிட்டால் என் இரண்டடிப் புட் எம்மாத்திரம் என்று மனம் கொஞ்சம் இளகும்.

கார்டை மறைப்பது

'மு' ஆட்களுக்கு இதைவிட நேரடியான வழி இல்லை. ஸ்கோர் தெரியாவிட்டால் கணக்குப் போட முடியாது. தனியாகக் கார்டை மறைத்தால் மனக்கணக்கு ஓடும். கூட ஆடுபவர் எழுதிக்கொள்ள வேண்டும். எப்படியும் போட்டிகளில் நம் ஸ்கோரை எழுதுபவர் இன்னொருவர்தான். ஒவ்வொரு குழிக்கும் தனித்தனியாகப் புள்ளி தரும் ஸ்டேபிள்ஃபோர்ட் முறையில் ஆடினால் இது இன்னும் எளிது, ஒரு குழி முழுக்கக் கெட்டாலும் அது அந்தக் குழியோடு முடிந்துவிடுகிறது. என்னைப் போன்ற 'பி' ஆட்களுக்கு இதனால் பெரிய பலன் இல்லை. நான் கணக்குப் போடுவதில்லை, கவலைதான் படுகிறேன்.

கோடு

கடைசியாக நான் பிடித்துக்கொண்டது இது. பியா நில்சன், லின் மேரியட் என்ற இரு பயிற்சியாளர்கள் பரப்பிய முறை. பந்துக்குப் பின்னால் சில அடி தள்ளி ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். கோட்டுக்குப் பின்னால் நின்று எவ்வளவு வேண்டுமானாலும் யோசிக்கலாம்: தூரம், காற்று, எந்த மட்டை, எங்கே விழ வேண்டும். கோட்டைத் தாண்டிய பிறகு யோசனை கிடையாது, ஆட்டம் மட்டும். தாண்டிய பிறகு சந்தேகம் வந்தால் திரும்பிப் பின்னால் போக வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

முதல் மாதம் இது எனக்குப் பலிக்கவில்லை. காரணத்தை ஒரு கேடிதான் காட்டினார். ஜூலு பேசும் இளைஞர். ஒவ்வொரு ஷாட்டுக்கும் மட்டையைக் கையில் கொடுக்கும் முன் "எங்கே விழணும்?" என்று மட்டும் கேட்பார். பத்தாவது குழியில், கிக்குயூ புல்லில் பந்து புதைந்து கிடந்தபோது கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அப்போதுதான் தெரிந்தது, நான் முடிவெடுக்காமலேயே கோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தேன். கிக்குயூ புல் மட்டையின் கழுத்தைப் பிடித்துத் திருப்பிவிடும், இங்கே ஆடுபவர்களுக்குத் தெரியும். அதிலிருந்து ஃபேர்வே வுட் என்ற நெடுந்தூர மட்டையை எடுத்து கிரீனுக்கு அனுப்பலாம் என்று நான் ஆசைப்பட்டது முடிவு இல்லை, போன குழியில் இழந்ததை இந்தக் குழியில் பிடிக்கும் தவிப்பு. 'பி' நோய் இப்படித்தான் முடிவெடுப்பது போல் வேஷம் போட்டு வருகிறது. 9 அயர்ன் என்ற குறைதூர மட்டையை எடுத்து ஃபேர்வேக்குப் போட்டேன்.

அதிலிருந்து முடிவை வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறேன். "அந்த மஞ்சள் மரத்துக்கு இடப்பக்கம், 7 அயர்ன்." தனி ஆட்டத்தில் யோசனை கேட்பதற்கு விதிப்படி கேடி மட்டும்தான், ஆனால் நமக்கு நாமே சொல்லிக்கொள்ளலாம். சொல்லிவிட்டு மூச்சை நீளமாக வெளியே விட்டபடி கோட்டைத் தாண்டுவேன். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருந்தால் நெஞ்சுத் துடிப்பு தணியும், அது உடம்பின் இயல்பு. மூச்சை ஒரு தனி வழியாக வைத்தபோது அது எனக்கு நிலைக்கவில்லை. கோட்டைத் தாண்டும் அடையாளமாக வைத்தபோது ஒட்டிக்கொண்டது.

இதற்கும் விலை உண்டு. நேரம் பிடிக்கும் என்று மைத்துனர் முணுமுணுத்தார். அண்ணா கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார், முப்பது விநாடிக்குள் முடிந்தது. 40க்குள் வருகிறது என்றதும் முணுமுணுப்பு நின்றது. நண்பகலில் வடகிழக்குக் காற்று எழும்பிவிட்டால் கோட்டைத் தாண்டிய பிறகு காற்று மாறும். அப்போது மற்ற மூவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரும்பிப் பின்னால் போவதற்குக் கொஞ்சம் துணிவு வேண்டும். அந்தத் துணிவு இல்லாதவருக்கு இந்த முறை அரைகுறையாகத்தான் பலிக்கும். அப்படிப்பட்டவர் பொட்டோடு இருப்பதே நல்லது.

பொட்டைவிடக் கோட்டை நான் மேலாக வைப்பதற்குக் காரணம், அது மங்குவதில்லை. ஒவ்வொரு தடவையும் காற்றும் தூரமும் புல்லும் வேறு, ஆகவே சொல்ல வேண்டிய வாக்கியமும் புதிது. புதிய வாக்கியம் சொல்ல வேண்டிய மனம் பழைய புட்டை நினைத்துக்கொண்டிருக்க முடியாது. டீயிலும் ஃபேர்வேயிலும் பங்கரிலும் கிரீனிலும் ஒரே முறை. கையுறை வேண்டாம், மார்க்கர் வேண்டாம்.

மீதி மூன்று மணி நேரத்தை என்ன செய்வது என்றால், விட்டுவிடுங்கள். மரத்தைப் பாருங்கள், வண்டியிலிருந்து வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் குரங்கைத் துரத்துங்கள். போனை மட்டும் பையை விட்டு எடுக்காதீர்கள், அது மைதானத்துக்கே வெளியே கொண்டுபோய்விடும். எப்போதாவது அழைப்பு வந்து மவுண்ட் எட்ஜ்கோம்ப் மைதானத்தில் ஆடும்போது, கரும்பு விளைந்த மண் இது என்று நினைத்துக்கொண்டே நடப்பேன். 1860 நவம்பரில் மதராஸிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை முதன்முதலில் ஏற்றி வந்த ட்ரூரோ கப்பலுக்குப் பின்னால் வந்த கப்பல் ஒன்றில் என் கொள்ளுத்தாத்தா வந்தார், இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில்தான் கரும்பு வெட்டினார். அந்த நினைப்பு ஒரு ஷாட்டையும் கெடுத்ததில்லை. மனம் பின்னால் போவதே தப்பில்லை. பந்துக்கு மேல் நிற்கும்போது போவதுதான் சிக்கல்.

ஒன்பதாவது குழிக்குப் பிறகு ஹாஃப்வே ஹவுஸ் என்ற சிற்றுண்டி இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது தென்னாப்பிரிக்கப் பழக்கம். மனம் ஒரேயடியாக அவிழ்ந்துவிடும் இடமும் அதுதான். எங்களுக்குப் பத்தாவது குழி வெகுநாள் கெட்டுக்கொண்டே இருந்தது. இப்போது சாப்பாட்டு மேசையில் முதல் ஒன்பது குழியைப் பற்றிப் பேசுவதில்லை என்று வைத்திருக்கிறோம். குடும்பம், கிரிக்கெட், விலைவாசி, எது வேண்டுமானாலும் பேசலாம்.

எதை எடுத்தாலும் நான்கு ஆட்டமாவது கொடுங்கள். முதல் இரண்டில் எல்லாமே வேலை செய்யும், புதிது என்பதால். நான்காவதில்தான் உண்மை தெரியும்.

எங்கள் நால்வருக்கும் இப்போது நான்கு வேறு வழி. எனக்குக் கோடு. மைத்துனர் கிரீனில் சரவணபவ. மருமகனுக்கு மட்டையின் தலை, இன்னும் ஒரு வருஷத்துக்காவது. அண்ணாவின் கார்டு என் பையில் இருக்கிறது. பதினெட்டாவது கிரீனை விட்டு இறங்கும் வரை அவர் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.